சும்மா ஊரு பாக்கப் போறவ

"ஏளா, உக்காருங்க எல்லாரும். பேசினது போதும். அவ அவ தட்ட எடுத்து மடியில வச்சுக்கிட்டு வாயப் பூட்டுங்க. மாரித்தங்கம், ஒனக்குத் தனியா வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? அந்த டிவிய அமத்திட்டு வந்து உக்காரு. இன்னைக்கு நான் சொல்லப்போறது அமெரிக்கா சமாச்சாரம். நடுவுல எவளாவது இருமினா எந்திரிச்சுப் போயிருவேன்." இப்படி ஒரு அதட்டுப் போட்டுட்டு செல்லக்கனி வீட்டு முன்னால தார்சாத் திண்ணையில சம்மணம் போட்டு உக்காந்தா. எல்லாரும்னு சொன்னாளே, இருந்தது என்னமோ ரெண்டே பேருதான். இந்தத் தெருவுல பீடி சுத்துற மத்தவளுக பூராவும் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிட்டாளுக. செல்லக்கனிக்கு ரெண்டு பேரு இருந்தாலும் திருவிழாக் கூட்டந்தான். ஒருத்தி மாரித்தங்கம், எதிர்வீட்டு மருமவ, இந்தக் காதுல விழுந்தது அந்தத் தெருவுக்குப் போயிரும். இன்னொருத்தி இசக்கி. அவ வாயப் பூட்டச் சொல்ல வேண்டிய வேலையே இல்ல, அது பூட்டித்தான் கெடக்கும். நேத்து கேட்ட கேள்விக்கு இன்னைக்குப் பதில் சொல்லுவா, அதுவும் மண்டைய ஆட்டி. குனிஞ்ச தல குனிஞ்சபடி இலைய எடுப்பா, தூளு வைப்பா, உருட்டுவா, நூலச் சுத்துவா, அவ்வளவுதான் அவ பேச்சு. செல்லக்கனி ரெண்டு பேரையும் பாத்தா. ஈரச் சாக்குல சுருட்டி வச்ச இலையப் பிரிச்சா. வாயத் தொறந்தா. தொறந்த வாய்க்குள்ள ஒண்ணும் வரல. இது என்ன கூத்து, அவளா பேச்சு வராதவ? கம்பெனி செக்கர் மாதிரி பீடிக்கட்டத் தூக்கி மூக்கச் சுளிச்சுக் காட்டுவா, தென்காசி பஸ் கண்டக்டர் மாதிரி ஒத்தக் கால்ல தொங்கிக்கிட்டு ஏறு ஏறு ஏறும்பா, செத்துப்போன மாமியாக்காரி தும்முற மாதிரி தும்மி தன் புருசனையே எந்திரிச்சு உக்கார வச்சவ. படிப்பு மூணாங்கிளாசோட போச்சு. போனதுக்குக் காரணமே வாத்தியார் மாதிரிப் பேசிக் காட்டினதுதான், வாத்தியாரு பின்னாலயே நின்னு கேட்டுட்டாரு. அப்பேர்ப்பட்ட வாய்க்கு இன்னைக்கு ஒரு சின்னச் சொல்லு மாட்டிக்கிட்டு வெளிய வரமாட்டேங்குது. சும்மா. அம்புட்டுத்தான் சொல்லு. நான் அமெரிக்காவுக்குச் சும்மா போறேன். காலையில பல்லு வெளக்கையில கண்ணாடியப் பாத்து நல்லாத்தான் வந்துச்சு, இப்ப மீன் முள்ளு மாதிரி குறுக்க நிக்கி.

ஏன்னா சும்மா எவ போயிருக்கா? இந்த ஊர்ல இருந்து அமெரிக்காவுக்குப் பிளேன் ஏறுன பொம்பளைய எல்லாரையும் நிறுத்தி வச்சுக் கேளு, மகளுக்குப் பேறுகாலம்பா, இல்ல மருமவளுக்குப் பேறுகாலம்பா. பிள்ளைக்குத் தண்ணி ஊத்த, மருந்து கிண்ட, துணி அலசப் போவாவ. வந்ததும் போன்ல பிள்ளை போட்டோவக் காட்டுவாவ. ஊரு எதுன்னு கேட்டா அது கெடக்குன்னுருவாவ. மக வெளியூர்ல இருந்தாலே அப்படித்தானே. நல்லது கெட்டதுன்னா போறது, இல்லன்னா எதுக்கு, சம்பந்தி வீட்டுக்காரன் என்ன நெனைப்பான், வந்தவ கைய வீசிக்கிட்டு வந்தான்னு சொல்லமாட்டானா. இவ மக மலர்விழி அமெரிக்கா போன இந்த ஏழு வருசமும் போன்ல அப்படித்தான் சொல்லுவா, விசேஷம்னா ஒன்னக் கூப்பிடாம யாரக் கூப்பிடப் போறேன்னு. ஆறு மாசத்துக்கு முன்ன ஒருநாள் தொனி மாறிப் போச்சு. யம்மா, நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம், இனி ஆஸ்பத்திரி வேண்டாம், ஊசி வேண்டாம், நேத்திக்கடன் வேண்டாம், நாங்க இப்படியே நல்லாத்தான் இருக்கோம், நீ சும்மா வா, எங்க ஊரப் பாக்க வா. சும்மா வா. அந்தக் குரல செல்லக்கனி தனியா இருக்கையில எத்தனையோ தரம் சொல்லிப் பாத்துட்டா. மக குரல் அவளுக்கு அச்சா வரும், மூக்குல கொஞ்சம் ஏத்தி, கடைசி எழுத்த இழுத்து. ஆனா அந்தச் சும்மாவுல மட்டும் பிடி கெடைக்கல. சிரிச்சுக்கிட்டுச் சொன்னாளா, சிரிப்ப முழுங்கிக்கிட்டுச் சொன்னாளா? இப்ப விசாவும் வந்தாச்சு, மருமகன் அருள் டிக்கெட்ட எடுக்கத் தயாரா வச்சிருக்காராம். இன்னைக்கு மலரு தூங்கப்போற முன்ன போன் பண்ணுவா, வாரேனா இல்லையான்னு ஒத்த வார்த்தை சொல்லணும். இங்க காலை, அங்க இன்னும் நேத்து ராத்திரி. எம்மக இன்னும் நேத்துலயே கெடக்கா, நான் இன்னைக்கு வந்து நிக்கேன், என்ன உலகமோ. போன் வருமுன்ன ஊருக்குச் சொல்லிறணும். மாரித்தங்கத்துக்குச் சொன்னா போதும், ஊருக்குச் சொன்ன மாதிரி. சொல்லிட்டா பின்வாங்க முடியாது. அதுக்குத்தான் உக்கார வச்சது.

"என்னத்தே, அமெரிக்கான்னு ஆரம்பிச்சுட்டு ஆலமரத்தப் பாத்துக்கிட்டு இருக்கிய?"ன்னா மாரித்தங்கம். "பொறுட்டி, நாடகத்துக்கே மணி அடிச்சு லேட்டாத்தான் படுதாவத் தூக்குவான்"னு இவ சொல்லி வாய் மூடல, வாசல்ல செருப்புக் கழட்டுற சத்தம். ராஜபுஷ்பம் மைனி. செல்லக்கனியோட அண்ணன் பொண்டாட்டி, ரெண்டு தடவ நியூ ஜெர்சி போய் வந்தவ, போய் வந்ததுல இருந்து வெயில் அடிச்சா "இங்க ஏசி போடமாட்டாங்க"ன்னு சொல்லுறவ. கையில ஒரு பெரிய கட்டைப்பை. பையோட கைப்பிடி இழுவையிலயே தெரியுது கனம். மைனி மூஞ்சி பூரா சிரிப்பு. "ஏ கள்ளி! விசா வந்துருச்சாமே. அதக்கூட மாரித்தங்கம் சொல்லித்தான் நான் தெரியணுமா? மூணு மாசம் முடியட்டும்னு மறைச்சு வச்சிருக்க, வச்சுக்கோ, வச்சுக்கோ, அதுவும் சரிதான். கண்ணு பட்டுரும். எனக்கு மட்டும் சொல்லு, எத்தனாவது மாசம்?" அப்படியே உக்காந்து பையப் பிரிச்சா. முதல்ல வெள்ளை வேட்டித் துணி, தொவச்சுத் தொவச்சுப் பஞ்சானது, பிள்ளையச் சுத்த. பொறவு வசம்ப வளையலாக் கோத்து வச்சது, கறுப்பு மணியோட. பொறவு எவர்சில்வர் தூக்கு. மூடியத் தொறந்தாளோ இல்லையோ சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயுமா ஒரு வாசம், பேறுகால லேகியம், தார்சாவுல கெடந்த புகையிலை வாசத்த ஒரே அமுக்கா அமுக்கிருச்சு. "நேத்துப் பகல் பூரா கிண்டினேன். கையப் பாரு"ன்னு மைனி வலது கைய நீட்டினா. கொதி தெறிச்சு ரெண்டு கொப்புளம். சண்டைக்கு வந்தா சண்டை போடலாம். கொப்புளத்தோட வந்து நிக்காவளே.

அந்த வாசம். அந்த வாசந்தான் சனியன். மைனி பேசிக்கிட்டே இருக்கா, வாய் அசையுறது தெரியுது, செல்லக்கனி இந்தப் பக்கம் இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்ன இதே வாசம் அவ அடுக்களையிலயே இருந்துச்சு. அவளேதான் கிண்டினா, விடாமக் கிண்டணும், அடி பிடிச்சா பிள்ளைக்கு ஆகாதுன்னு. பாஸ்போர்ட் வந்தாச்சு, விசாவுக்கு நாள் வாங்கியாச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு. பொறவு ஒரு காலையில அருள் போன் பண்ணாரு. மலர் இல்ல, அருள். அத்தைன்னாரு. அம்புட்டுத்தான், அந்த ஒரு அத்தையிலயே தெரிஞ்சு போச்சு, மிச்சத்த அவரு சொல்லவும் இல்ல இவ கேக்கவும் இல்ல. நான் போறேன்னு குதிச்சா செல்லக்கனி. யாரு விட்டா? அண்ணன் சொன்னாரு, கலைஞ்சதுக்கெல்லாம் போவாவளா, அதுக்குன்னு ஒரு முறை இல்லையே. மைனி சொன்னா, ரெஸ்ட் எடுத்தாச் சரியாயிரும், அடுத்தது நிக்கட்டும், அப்பப் போ. புருசன் பஞ்சர் கடையில இருந்து வந்து ஒன் இஷ்டம்னாரு, அந்த மனுசன் கல்யாணத்தன்னைக்கும் அதத்தான் சொன்னாரு. விசா ஆபீசுக்குப் போகாமலே அந்த நாளு கழிஞ்சு போச்சு. லேகியத்துல எறும்பு ஏறுச்சு. ஒருநாள் எடுத்து அங்கணத்துல கொட்டினா, போகமாட்டேன்னு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, தண்ணிய ஊத்தி ஊத்தி வெளக்குமாத்தால தள்ளினா. அந்த நாளெல்லாம் மகளுக்கு இவளால குடுக்க முடிஞ்சது என்ன? ஒரு வாய் ரசஞ்சோறா? தலைக்கு எண்ணெயா? குரலு. குரலு மட்டுந்தான் அந்தப் போனுக்குள்ள போச்சு. கண்டக்டர் மாதிரி பேசினா, செக்கர் மாதிரி பேசினா, இந்த ராஜபுஷ்பம் மைனி மாதிரி "இங்க ஏசி போடமாட்டாங்க"ன்னா. மலரு சிரிச்சா. வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே இருக்கையில நெட்டு அறுந்து போன்ல படம் நின்னு போச்சு, வாய் தொறந்தபடி. அது சிரிச்ச வாயா அழுத வாயான்னு இன்னை வரைக்கும் இவளுக்குத் தெரியாது. போ சனியனே, அது நின்னதும் நல்லதுக்குத்தான்.

"எத்தனாவது மாசம்னு கேக்கேன்ல?" மைனி தொடையில தட்டினா. ஒரு தலையாட்டு ஆட்டினாப் போதும். அதுதான் ஆசையா இருக்கு, சவத்த, ஒரு தலையாட்டு. பைய வாங்கி உள்ள வச்சிரலாம், மைனிக்குக் கொப்புளம் ஆறிரும், அண்ணன் வந்து வழியனுப்புவாரு, மாரித்தங்கம் தெருத் தெருவா சந்தோசமாச் சொல்லுவா, எல்லாருக்கும் நல்லது. பொறவு திரும்பி வருவாளே, கைய வீசிக்கிட்டு. அப்ப? அப்ப மக வயித்த இன்னொரு தரம் கலைக்கணும், பொய்யா, இந்த வாயால. ஆத்தாடி, அது ஆகாது. செல்லக்கனி உருட்டிக்கிட்டு இருந்த பீடிய நூல் சுத்தாமலே தட்டுல போட்டா. "மைனி, மாசமும் இல்ல மண்ணும் இல்ல. விசேஷம் ஒண்ணும் கெடையாது, இனியும் கெடையாது, அவிய ரெண்டு பேரும் அப்படி முடிவு பண்ணியாச்சு. நான் சும்மா போறேன். ஊரு பாக்க." வந்துருச்சு. முள்ளு வந்துருச்சு. மாரித்தங்கம் கத்தரியக் கீழ போட்டா. இசக்கி இலையக் கிள்ளி அளவு பாத்தா. மைனி தூக்கு மூடியக் கையில வச்சுக்கிட்டு, "எந்த ஊரு?"ன்னா, தெரிஞ்சுக்கிட்டே, ஏதோ இவளுக்கு அமெரிக்காவுல பத்து மக பத்து ஊர்ல இருக்குற மாதிரி. "பொக்கட்டெல்லோ." "அது ஊரு பேரா பலகாரப் பேராத்தே?"ன்னா மாரித்தங்கம். "திங்கதுக்கில்லட்டி, ஊருதான். மேற்க, மலைக்குள்ள. மலருக்கு அங்க ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்குற வேலை, அருள் காலேஜுல வாத்தியாரு."

"சுதாகர்ட்ட நான் கேட்டேனே"ன்னா மைனி. மகன் பேரச் சொன்னதும் குரலு நியூ ஜெர்சிக்குப் போயிருச்சு. "அத்தை அங்கயா போறாங்க, அங்க ஒண்ணுமே கெடையாதும்மா, பெரிய பார்க்குக்குப் போறவன் வழியில பெட்ரோல் போட்டுட்டு ஒண்ணுக்கு இருந்துட்டுப் போற ஊருன்னான். ஒரு கோயில் உண்டா? நம்ம கடை உண்டா? பாக்குறதுக்கு அங்க என்னதான் இருக்கு?" என்ன இருக்கா? பொறு, சொல்லுதேன். செல்லக்கனிக்கு ரத்தம் ஏறுச்சு, ஏறினா அவளுக்குக் கோபம் வராது, கூத்துதான் வரும். சுதாகர் மாதிரியே உதட்டக் கோணி, "அங்க ஒண்ணுமே கெடையாதும்மா"ன்னு ஒரு இழுப்பு இழுத்தா, மாரித்தங்கம் கொல்லுனு சிரிச்சுட்டு மைனியப் பாத்து வாயப் பொத்தினா. "ஏன் மைனி, நம்ம ஆலங்குளம் என்ன ஊராம்? குத்தாலத்துக்குப் போறவன் வண்டிய நிறுத்தி டீயக் குடிச்சிட்டு, வேலி ஓரம் ஒதுங்கிட்டு, கார்க் கதவ டம்முனு சாத்திட்டுப் போற ஊரு. எங்க போனன்னு கேட்டா குத்தாலம்பான், ஆலங்குளம்னு சொல்லுவானா? இங்க பாக்க என்ன இருக்கு? பஸ் ஸ்டாண்டு இருக்கு. கரண்டு எடுக்குற காத்தாடி இருக்கு, அதுவும் காத்தடிச்சாத்தான் சுத்தும். நாம இல்லையா? நாம என்ன பெட்ரோலா?" சொல்லிட்டா, சொன்ன ருசி நாக்குல நிக்கையிலயே வேற ஒண்ணு வந்து நிக்கி. ஒருத்தன் வந்தானே இந்த ஊரப் பாக்க. அருள்தான். நாகர்கோயில்க்காரப் பையன், பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு கேசரியத் தின்னுட்டு, ஊரச் சுத்திக் காட்டுவீங்களான்னு கேட்டாரு. வீடே சிரிச்சுச்சு. இங்க என்ன மாப்பிள்ளை இருக்குன்னு அண்ணன் கேட்டாரு. மலரு வெக்கப்பட்டுக்கிட்டே கூட்டிட்டுப் போனா, துணைக்குச் செல்லக்கனி. கொளத்தாங்கரை, காத்தாடி, மலரு படிச்ச பள்ளிக்கூடத்துச் சுவரு, பரோட்டாக் கடை, மலரு சைக்கிள்ல இருந்து விழுந்த சாக்கடை. அந்தச் சாக்கடைய அந்தப் பையன் நின்னு பாத்தாரு பாரு, தஞ்சாவூரு கோபுரத்தப் பாக்குற மாதிரி. அன்னைக்கே இவ மனசுல மலருக்குத் தாலி ஏறியாச்சு.

மலரு போன்ல வெளிய பிடிச்சுக் காட்டுவா. மொட்டை மலை, தலையில ஒரு மரம் கெடையாது, பூரா சாம்பக் கலருல புதரு. மழை தூறினா அதுல ஒரு வாசம் வரும்மா, நம்ம ஓமவல்லியக் கசக்கினாப்புல, ஆனா அது இல்ல, ஒனக்கு எப்படிச் சொல்ல, நீ வந்து மோந்து பாரும்பா. ஆத்தப் பிடிச்சு சிமெண்ட் வாய்க்காலுக்குள்ள விட்டிருக்கானுக, அதப் பாத்ததும் செல்லக்கனிக்கு ஒரே சந்தோசம், நம்ம ஆளுகதான் போல. கூட்ஸ் ரயிலு போகும், போகும், போய்க்கிட்டே இருக்கும், கடைசிப் பெட்டி வருமுன்ன ஒலை கொதிச்சுரும். பக்கத்து ஊர்ல உருளைக்கிழங்குக்குன்னு ஒரு மியூசியமாம், செத்துப்போன ராசாவுக்கு வைப்பான், இவன் கெழங்குக்கு வச்சிருக்கான், அதப் பாக்காமச் செத்தா கட்டை வேகுமா? பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா, தொப்பி போட்டவரு, மலரு போனத் திருப்பினா "ஹவ் யூ டூயிங்"னு தொண்டையில தவளைய வச்சுக்கிட்டுக் கேப்பாரு. அவரு மாதிரி செல்லக்கனிக்கு ஒரே வாரத்துல வந்துருச்சு. அந்தத் தாத்தாவுக்கே பேசிக் காட்டணும், சிரிப்பாரா நாய அவுத்து விடுவாரா? பயம் இல்லன்னு யாரு சொன்னா. பயந்தான். பிளேன்ல பக்கத்துல உக்காந்தவன் மூக்கப் பொத்துவானோ, இந்தக் கையில இருந்து புகையிலை வாசம் எந்தச் சோப்புக்கும் போகாதே. விசா ஆபீசுல கைய வைக்கச் சொன்னானுக, கண்ணாடிக்குள்ள வெளக்கு எரியுது, ரேகை விழமாட்டேங்குது. இலைய உருட்டி உருட்டி வெரல் நுனியெல்லாம் வழுவழுன்னு போச்சு, திருப்பி வையிங்க, அமுக்கி வையிங்க, தொடச்சுட்டு வையிங்க. செல்லக்கனிக்கு அந்தரமாப் போச்சு, நான் இருக்கேனா இல்லையான்னே மிசினுக்குச் சந்தேகம். பொறவு எப்படியோ பிடிச்சுச்சு. இன்னொரு நாளு விசா குடுக்குற வெள்ளக்காரத் தொரை கேட்டான், பக்கத்துல ஒரு பொண்ணு தமிழ்ல சொல்லுச்சு, எதுக்குப் போறீங்க, டெலிவரிக்கா? அவனுக்கும் அதே கேள்வி! சும்மாய்யா, ஊரு பாக்கன்னா. எந்த ஊருன்னான். சொன்னா. தொரை தலையத் தூக்கிப் பாத்தான், பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான், அவன் சொந்தக்காரன் எவனாவது அந்த ஊர்ல பெட்ரோல் போட்டிருப்பான் போல. குடுத்துட்டான்.

அதெல்லாம் சின்னப் பயம். பெரிய பயம் வேற. அங்க போய் மூணு பேரும் சாப்பிட உக்காருவாவ. ரசம் நல்லாருக்குத்தேம்பாரு அருள். சிரிப்பா, பேசுவா, தாத்தா மாதிரி பேசிக் காட்டுவா. எல்லாம் அடங்குன பொறவு அந்த வீட்டுச் சத்தமில்லாத சத்தம் ஒண்ணு இருக்குமே, அத அவ காது கேட்டுருமோ? கேட்டு மூஞ்சி மாறிருமோ? மலரு பாத்துருவா. எந்த மூஞ்சிய வேணும்னாலும் போட்டுக்காட்டத் தெரிஞ்சவளுக்கு சொந்த மூஞ்சிய வச்சுக்கத் தெரியலன்னா? மைனி வசம்பு வளையலக் கையில வச்சு உருட்டிக்கிட்டே "சும்மா கொண்டுட்டாவது போ, எவன் கண்டான், போன எடத்துல சாமி கண்ணத் தொறந்தா"ன்னு எறங்கின குரல்ல சொல்லுதா. அந்தக் கடைசிச் சொல்லு செல்லக்கனிய எங்கயோ குத்திருச்சு. எவன் கண்டான். இது மைனி குரலு இல்லையே. நான் பேசிக் காட்டாத குரலு இது, ஆனா எனக்குள்ள பேசிக்கிட்டுக் கெடக்கே. உள்ரூம்புல பெட்டி இருக்கு, மலருக்குன்னு எடுத்த சேலை மடிப்புக்குள்ள ஒண்ணு இருக்கு, முந்தாநாள் கடைக்குப் போனவ எண்ணெயும் புளியும் வாங்கிட்டு கூடவே வாங்கி, ஒரு தாளுல சுத்தி, அவளுக்கே தெரியாத மாதிரி வச்சது. ஒரு துண்டு வசம்பு. ஒண்ணே ஒண்ணு. எதுக்கு வாங்கினன்னு இவளும் இவளக் கேக்கல. அட மூதேவி! ஊருக்கெல்லாம் சும்மா போறேன்னு தம்பட்டம் அடிச்சுக்கிட்டு, சேலைக்குள்ள கள்ளக்கடத்தலா பண்ணப் பாத்த? மலரு பெட்டியத் தொறப்பா, சேலைய உதறுவா, கீழ விழும். குனிஞ்சு எடுப்பா. ஒண்ணும் சொல்லமாட்டா. பொறவு அந்தச் சும்மாவுக்கு என்ன மரியாதை? கூப்பிட்டவ ஊரப் பாக்கக் கூப்பிட்டா, போறவ வயித்தப் பாக்கப் போனா. செல்லக்கனி எந்திரிச்சா. மடியில இருந்த தட்டு சரிஞ்சு தூளு கொட்டுச்சு, கொட்டட்டும். உள்ள போனா, பெட்டிய ரெண்டாப் பிளந்தா, சேலைய உதறி எடுத்தா. வெளிய வந்து மைனி பைக்குள்ள அந்தத் தாள்ச் சுருளப் போட்டு, வேட்டித் துணிய மடிச்சு வச்சு, தூக்க மூடினா. "இதையும் சேத்துக் கொண்டு போங்க மைனி. நேத்திக்கடன் மாதிரி நீங்க கிண்டினது நல்ல மருந்து, உங்க தங்கச்சி மருமவளுக்குச் சித்திரையிலதானே பேறுகாலம்? அங்க குடுங்க, கொப்புளம் வீணாப் போகவேண்டாம். எனக்குப் பெட்டியில எடமில்ல. உருளைக்கிழங்கு மியூசியத்துக்கு நல்ல சேலை எடுத்து வச்சிருக்கேன்."

போன் அடிச்சுச்சு. மாரித்தங்கம் பாய்ஞ்சு எடுத்து நீட்டினா, எல்லாருக்கும் தெரியுற மாதிரி. மலரு மூஞ்சி, தூக்கக் கலக்கத்துல, தலமுடிய அள்ளிச் சொருகிக்கிட்டு. "யம்மா? என்ன முடிவு பண்ண? யாரெல்லாம் இருக்கா?" செல்லக்கனி தொண்டையில தவளைய எறக்கினா. "ஹவ் யூ டூயிங்?" மறுபடியும் படம் நின்னுருச்சோன்னு இவ போனத் தட்டிப் பாத்தா, அங்க மலரு கட்டில்ல விழுந்து சிரிக்கா, பின்னால இருந்து அருள் "அது யாரு, பக்கத்து வீட்டுக்காரரு இந்நேரத்துலயா?"ங்காரு. "நாந்தான் மருமகனே. டிக்கெட்டப் போடுங்க. வாரேன். சும்மாத்தான் வாரேன், ஊரப் பாக்க வாரேன். அந்தப் புதரக் கசக்கி வையிங்க, ரயில நிறுத்தி வையிங்க, மலரு விழுந்த சாக்கடை அங்க ஏதும் இருந்தா அதையும் காட்டணும்." மலரு சிரிப்ப நிறுத்திட்டுப் போனக் கிட்ட கொண்டு வந்தா. கண்ணு மட்டும் தெரிஞ்சுச்சு. "நெசமாவே சும்மாவாம்மா?" "பெட்டிய வந்து பாரு"ன்னா செல்லக்கனி. போன வச்சா. தூளு கொட்டுன எடத்துல உக்காந்து, சிந்தினத அள்ளித் தட்டுல போட ஆரம்பிச்சா. மனசு அங்க போயாச்சு, சுத்துற பீடி எல்லாம் இன்னைக்கு வாத்து மாதிரி கோணத்தான் செய்யும், செக்கர் மூக்கச் சுளிக்கட்டும்.

மைனி பைய இழுத்து மடியில வச்சுக்கிட்டா. மூஞ்சி கன்னிப் போச்சு. "நல்லா இருக்குடியம்மா. ஊரு என்ன சொல்லும்? மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதோ தகராறு, சமாதானம் பண்ணப் போறான்னு சொல்லும். எனக்கென்ன. நான் அமெரிக்காவ அறியாதவளா? ரெண்டு பேறுகாலம் பாத்தவ. அடுப்புல நெருப்பே தெரியாது, சட்டி மட்டும் கொதிக்கும். பாத்திரத்த உள்ள வச்சா மிசினு கழுவும், ஆனா நம்ம சட்டி அடியில பிடிச்சது போகாது, நாமதான் தேய்க்கணும். பிள்ளையக் குளிப்பாட்டுற தொட்டி பிளாஸ்டிக்கு. தரை பூரா மெத்தை, ஒரு சொட்டுப் பால் சிந்திறக் கூடாது." "அந்தப் பெரிய சிலை, வெளக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்குமே, அது எம்புட்டு ஒசரம் பெரியம்மா?"ன்னா மாரித்தங்கம். "அடுத்த தடவை காட்டுதேன்னான் சுதாகரு. பச்ச ஒடம்புக்காரிய வீட்ல போட்டுட்டு அலையவா முடியும்?" மைனி எந்திரிச்சா, சேலைய ஒதறினா, செருப்புல ஒரு கால நொழச்சுட்டு, மனசு ஆறாமத் திரும்பினா. "ரெண்டு தடவ போனவ சொல்லுதேன், கேட்டுக்கோ. பாக்குறதுக்கு ஒண்ணுமில்லாத ஊருக்கு, ஒரு வேலையும் இல்லாம, இம்புட்டுத் தூரம் போற முதல் பைத்தியம் நீதான்."

செல்லக்கனி பதிலுக்கு வாயத் தொறந்தா. அதுக்குள்ள இசக்கி நூலப் பல்லால கடிச்சு அத்தா. கட்டி முடிச்ச பீடியத் தட்டுல வச்சா. தலையத் தூக்கினா.

"பெரியம்மா, நீங்க ரெண்டு தடவ போனியளே, அந்த ஊரு பாக்க எப்படி இருந்துச்சு?"